சுரங்கத்தில் மாண்டவரின் வாரிசு யார்? பதிவேடுகள் சொல்லும் வரலாறு

2022ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், நள்ளிரவை நெருங்கும் நேரத்தில், திருநெல்வேலி மாவட்டம் முன்னீர்ப்பள்ளத்தை அடுத்த அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறைகள் சரிந்து விழுந்தன. ஏறத்தாழ முந்நூறு அடி ஆழம் எனச் சொல்லப்பட்ட குழி அது. கீழே வேலையில் இருந்த ஆறு தொழிலாளர்கள் கற்களுக்கிடையே சிக்கினர். இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர், நால்வர் மாண்டனர். தீயணைப்புத் துறையினரும் அரக்கோணத்திலிருந்து வந்த தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், மேலே பாறை மீண்டும் சரியுமோ என்ற அச்சத்துக்கிடையில் பணியாற்ற நேர்ந்தது. கடைசி உடலை வெளியே எடுக்க ஒரு வாரத்துக்கும் மேலாயிற்று.

மாண்டவர்கள் தென்மாவட்ட உழைப்பாளிகள். அவர்களுடைய பெயர்களை நாம் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் குடும்பத்தாரின் துயரம் நம் ஆராய்ச்சிப் பொருளும் அன்று. நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இருபது வயதைத் தாண்டிய ஓர் இளைஞர் இப்படிக் கல்லுக்கடியில் போய்விட்டால், அவர் யாருடைய மகன், யாருடைய கணவர், எத்தனை பிள்ளைகளின் தந்தை, எந்த நாளில் இறந்தார் என்பதை உலகத்துக்கு எது சொல்லும்? மருத்துவமனை கேட்கும், காவல் நிலையம் கேட்கும், கிராம நிர்வாக அலுவலர் கேட்பார், வட்டாட்சியர் அலுவலகம் கேட்கும். அழுது ஓயாத வீட்டிலிருந்து யாரோ ஒருவர் குடும்ப அட்டையையும் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். நம் ஜமாஅத்துகளிலும் இது நடப்பதுதான். ஆகவே இந்தப் பதிவுகளின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கல்குவாரியும் சட்டத்தின் பார்வையில் ஒரு சுரங்கமே. ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத, வெடிமருந்து பயன்படுத்தாத, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத சிறு குழிகளுக்கு மட்டுமே 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. அந்தச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு சுரங்கத்திலும் வேலை செய்வோரின் பதிவேடு இருக்க வேண்டும். அதில் தொழிலாளியின் பெயருடன் அவருடைய தந்தையின் பெயரும், பெண்ணாயின் கணவர் பெயரும், வயதும், வேலையின் தன்மையும், வேலையில் சேர்ந்த நாளும் இருக்க வேண்டும் என்று அது கோரியது. தோண்டுகிற நிலத்தின் அளவும் வெட்டுகிற கல்லின் எடையும் முதலாளியின் கணக்கு. தந்தை பெயர் எதற்கு? அந்த மனிதர் திரும்பி வராத நாளுக்காகத்தான் அந்தக் கட்டம் வரையப்பட்டது என்றே நாம் நினைக்கிறோம்.

இந்தியாவில் சுரங்கங்களுக்கான முதல் சட்டம் 1901இல் வந்தது. அதற்கு முன்பே, இன்றைய கர்நாடகத்தின் கோலார் தங்க வயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கிவிட்டது. அங்கே ஆழத்துக்கு இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழை மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற சுரங்கம் அது. பாறை வெடிப்பு என்று அவர்கள் அழைத்த திடீர்ச் சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. தொழிலாளர்களின் விரல்ரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் அங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பதிவு என்றாலே நன்மை என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம். ஒருவனைப் பிடித்து வைப்பதற்கான பதிவும் உண்டு. அவன் இறந்தபின் அவன் பிள்ளைகளுக்கு உரியதைக் கொடுப்பதற்கான பதிவும் உண்டு. முதலாவதை மக்கள் எதிர்த்தார்கள். இரண்டாவதைத் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ள அவர்களிடம் எழுத்தறிவு இருக்கவில்லை. கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது.

1975 டிசம்பர் 27ஆம் நாள் தன்பாத் அருகே சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து முந்நூற்று எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மூத்தவர்கள் செய்தித்தாளில் படித்திருப்பார்கள். இத்தகைய ஆழச் சுரங்கங்களில் கீழே இறங்குபவர் அணியும் தலைவிளக்குக்கு ஓர் எண் உண்டு. எந்த எண் யாரிடம் என்பது மேலே ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். முகம் அடையாளம் தெரியாமற்போனாலும் எண் சொல்லிவிடும். நம் பகுதிக் கல்குவாரிகளில் அப்படி விளக்கு அறை ஏது? ஒப்பந்தக்காரர் ஒருவர் அழைத்து வருகிறார். லாரி ஓட்டுநர் ஒருவர், பொக்லைன் இயக்குபவர் ஒருவர், அவருக்கு உதவியாளர் ஒருவர். அன்றைக்கு யார் இறங்கினார்கள் என்பது பல நேரங்களில் கைப்பேசி அழைப்புகளைக் கொண்டே தெரியவருகிறது.

இனி நம் மார்க்க வரலாற்றுக்கு வருவோம். நபித்தோழர்களில் அஷ்யம் அள்ளிபாபீ (ரலி) என்றொருவர் இருந்தார். அவர் போர்த் தளபதி அல்லர். பெரும் அறிவிப்பாளரும் அல்லர். அவர் தவறுதலாகக் கொல்லப்பட்டார் என்ற குறிப்பு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. அதாவது யாரும் திட்டமிட்டுச் செய்யாத, இன்று நாம் விபத்து என்று சொல்லக்கூடிய மரணம். தவறுதலாகக் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்குத் தியத் எனும் ஈட்டுத்தொகை கொடுக்கப்பட வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் சட்டம். கேள்வி என்னவென்றால், அந்தத் தொகை யாருக்கு?

உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது, தியத் என்பது கொல்லப்பட்டவரின் தந்தைவழி ஆண் உறவினர்களுக்கே உரியது, மனைவிக்கு அதில் வாரிசுப் பங்கு இல்லை என்ற கருத்தில் இருந்தார்கள். அதற்கு ஒரு தர்க்கமும் இருந்தது. ஒருவர் தவறுதலாகக் கொலை செய்துவிட்டால் ஈட்டுத்தொகையைச் சேர்ந்து கட்டுகிறவர்கள் அந்த உறவினர்களே. கட்டுகிறவர்களே பெறுகிறவர்களாகவும் இருக்கட்டும் என்பது அந்தத் தர்க்கம். ஆயினும் உமர் (ரலி) அவர்கள் தம் கருத்தோடு நின்றுவிடவில்லை. மினாவில் மக்கள் கூடியிருந்தபோது, தியத் பற்றி எவரிடமேனும் அறிவு இருந்தால் எனக்குச் சொல்லட்டும் என்று கேட்டார்கள். ளஹ்ஹாக் பின் சுஃப்யான் (ரலி) எழுந்தார். அஷ்யமுடைய தியத்திலிருந்து அவருடைய மனைவிக்கு வாரிசுப் பங்கு கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கடிதம் எழுதியிருந்ததைத் தெரிவித்தார். கூடாரத்தில் சென்று காத்திருக்குமாறு அவரிடம் சொன்ன உமர் (ரலி), பிறகு அவரைச் சந்தித்து விவரம் கேட்டு, அதன்படியே தீர்ப்பளித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது பெரும்பாலும் உமர் (ரலி) அவர்களின் பணிவைச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. பாலைவனத்தில் விபத்தில் இறந்துபோன எளிய மனிதர் ஒருவரின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நமக்குத் தெரிகிறது என்றால், அது அவருடைய மனைவிக்கு உரிய பங்கைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கடிதத்தால்தான். அக்கடிதம் இல்லையேல் அந்தப் பெண்மணிக்குப் பங்கும் இல்லை; அவருக்குப் பின் வந்த கோடிக்கணக்கான விதவைகளுக்கு அந்த முன்மாதிரியும் இல்லை. அந்த அறிவிப்பில் அவர் அஷ்யமின் மனைவி என்றே குறிக்கப்படுகிறார். பெண்களின் பெயரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலேயே திவான் எனும் பதிவேடு நிறுவப்பட்டது. வம்சாவளியை நன்கறிந்த அகீல் பின் அபீதாலிப், மக்ரமா பின் நவ்ஃபல், ஜுபைர் பின் முத்இம் (ரலி) ஆகிய மூவரிடம் அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்களின் குடும்பத்துக்கு நெருக்கமானவர்களில் தொடங்கி, வீடு வீடாக, கோத்திரம் கோத்திரமாக எழுதினார்கள். பொதுநிதியிலிருந்து யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதற்கான பதிவு அது. பெருமை பேசுவதற்காக வளர்க்கப்பட்ட நஸப் கலை இங்கே உதவித்தொகைக் கணக்காக மாறியது! குழந்தைகளுக்கு முதலில் பால்குடி மறந்த பின்னரே தொகை வழங்கப்பட்டது; அதனால் தாய்மார் அவசரமாகப் பாலை நிறுத்துகிறார்கள் என்பதை ஓர் இரவில் குழந்தையின் அழுகுரல் வழியே அறிந்த உமர் (ரலி), பிறந்ததிலிருந்தே கொடுக்க உத்தரவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிறப்பைத் தெரிவிக்க வேண்டிய தேவை அப்போதே வந்துவிட்டது. பிற்காலத்தில் இப்னுல் கல்பீ, பலாதுரீ, இப்னு ஹஸ்ம் முதலியோர் எழுதிய பெரும் வம்சாவளி நூல்களைப் பலரும் அறிவர். நமக்கு அவற்றைவிட அந்தத் திவான்தான் நெருக்கமாகத் தெரிகிறது.

உறவுகளைப் பேணும் அளவுக்கு உங்கள் வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று திர்மிதீயில் உள்ளது. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்களுடைய சொந்தத் தந்தையர் பெயரைச் சேர்த்தே அழைக்க வேண்டும் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயம் கட்டளையிடுகிறது. இவ்விரண்டும் எதற்காக என்பது, ஒரு குடும்பத்தில் இளைஞர் திடீரென இறக்கும்போது தெளிவாகத் தெரியும்.

ஃபராயிள் எனும் வாரிசுரிமைக் கலையில் ஒரு தனிப் பாடமே உண்டு: நீரில் மூழ்கியவர்களும் இடிபாட்டில் சிக்கியவர்களும். தந்தையும் மகனும், அல்லது இரு சகோதரர்கள், ஒரே சரிவில் மாண்டுவிட்டால், யார் முதலில் இறந்தார் என்பது தெரியாவிட்டால், ஒருவர் மற்றவருக்கு வாரிசாக மாட்டார். உயிரோடிருக்கும் வாரிசுகளே ஒவ்வொருவரின் சொத்தையும் தனித்தனியாகப் பெறுவர். யமாமா போரில் மாண்டவர்கள் விஷயத்தில் அபூபக்ர் (ரலி) அவர்களின் உத்தரவுப்படியும், அம்வாஸ் கொள்ளைநோயில் மாண்டவர்கள் விஷயத்தில் உமர் (ரலி) அவர்களின் உத்தரவுப்படியும் ஸைத் பின் ஸாபித் (ரலி) இவ்வாறே பங்கிட்டார் என்று அறிவிக்கப்படுகிறது. ஷாஃபிஈ, ஹனஃபீ, மாலிகீ மத்ஹபுகள் இதையே ஏற்றன. ஹன்பலீ மத்ஹபில் வேறு விதமான கணக்கு உண்டு. ஒருவர் சில மணி நேரம் உயிரோடிருந்தது தெரிந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். சரிவில் சிக்கியவர் மருத்துவமனையில் உயிர்விட்டாரா, குழியிலேயே விட்டாரா என்பது மருத்துவருக்கு ஒரு குறிப்பு. வாரிசுகளுக்கு வீடும் நிலமும்.

ஜனாஸா தொழுகையிலும் இதே கடினம் உண்டு. இடிபாட்டில் இறந்து, உடலை வெளியே எடுத்துக் குளிப்பாட்ட இயலாமற்போனால் அவருக்குத் தொழுகை இல்லை என்று இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதியுள்ளார்கள். குளிப்பாட்டுதலோ தயம்மமோ தொழுகைக்கு முன் நிபந்தனை என்பதே காரணம். பிற்கால ஷாஃபிஈ அறிஞர் சிலர், இயலாத ஒன்றுக்காக இயலுகிற தொழுகையை விடுவது எப்படி என்று கேட்டு, தொழலாம் என்ற கருத்தைத் தெரிவித்தனர். ஒரு வாரம் குழியின் விளிம்பில் காத்திருக்கும் தாயிடம் எந்தக் கருத்தைச் சொல்வது என்பதை ஊர் ஆலிம்கள் முன்னரே கலந்து வைத்துக்கொள்வது நல்லது. எங்களுக்கு இரண்டாவது கருத்திலேயே மனம் அமைதி கொள்கிறது. இடிபாட்டில் இறந்தவருக்கு மறுமையில் ஷஹீதின் கூலி உண்டு என்பது புகாரீயில் வரும் ஆறுதல். ஆனால் போர்க்களத்து ஷஹீதைப் போலன்றி, அவர் குளிப்பாட்டப்பட்டு, கஃபனிடப்பட்டு, தொழவைக்கப்படவேண்டியவர்.

சுரங்கம் என்ற சொல்லே வரும் நபிமொழி ஒன்றும் உண்டு. கால்நடையாலும், கிணற்றாலும், சுரங்கத்தாலும் நேரும் இழப்புக்கு ஈடு இல்லை என்பது அதன் கருத்து. இதை மேலோட்டமாகக் கேட்பவர், முதலாளிக்குப் பொறுப்பே இல்லை என்று எண்ணிவிடலாம். எங்களிடம் அப்படிக் கேட்டவர்களும் உண்டு. ஒருவர் தம் நிலத்திலோ தரிசு நிலத்திலோ முறைப்படி சுரங்கம் தோண்டுகிறார். வழிப்போக்கர் தவறி விழுகிறார், அல்லது கூலிக்கு வந்தவர் மீது மண் சரிகிறது. தோண்டியவர் மீது கொலைப்பழி சுமத்தப்படாது என்பதே இமாம் நவவீ (ரஹ்) உள்ளிட்ட உரையாசிரியர்களின் விளக்கம். அதே இமாம்கள், மக்கள் நடக்கும் பாதையிலோ பிறர் நிலத்தில் அனுமதியின்றியோ தோண்டினால் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அத்துமீறல் வந்த இடத்தில் பொறுப்பு வந்துவிடுகிறது. திறந்தவெளிச் சுரங்கத்தின் பக்கங்கள் செங்குத்தாக நிற்கக் கூடாது, படிப்படியாக வெட்டப்பட வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சுரங்க ஒழுங்குமுறைகள் சொல்வது. அதைக் காற்றில் விட்டு ஆழத்தை மட்டும் தோண்டுகிறவர் இந்த நபிமொழியின் நிழலில் ஒதுங்க முடியாது. குறிப்பிட்ட எந்த விபத்தில் யார் குற்றவாளி என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. அதில் நாம் நுழையவில்லை.

இப்போது நம் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். இந்த ஆற்றங்கரையில் பெயரற்ற கல்லறைகள் புதியவை அல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது நூற்றுக்கணக்கான தாழிகளும், இரும்புக் கருவிகளும், பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. பொன்னும் இரும்பும் மண்ணிலிருந்து எடுத்தவர்கள் அதே மண்ணுக்குள் போனார்கள். அவர்கள் யார் மக்கள் என்று சொல்ல ஓர் எழுத்தும் நம் கையில் இல்லை. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் நிலை வேறு. அங்குள்ள பழைய பள்ளிவாசல்களை ஒட்டிய மையவாடிகளில் இடைக்கால மீசான் கற்கள் இன்றும் உள்ளன. அரபு எழுத்தில் இறந்தவரின் பெயர், தந்தையின் பெயர், சிலவற்றில் பாட்டனாரின் பெயர், ஹிஜ்ரி ஆண்டு என்று பொறித்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் வந்து படித்து நூல்களிலும் வெளியிட்டுள்ளனர். வணிகர்களும் மார்க்க அறிஞர்களும் கல்லில் இடம்பிடித்தார்கள். முத்துக் குளிக்க மூழ்கி மேலே வராத கூலியாளுக்கு யார் கல் வெட்டியிருப்பார்?

கப்ரை அலங்கரிப்பதை மார்க்கம் விரும்பவில்லை. அது சரியே. கல் வேண்டாம் என்றால் ஏடு வேண்டும். நம் பள்ளிவாசல்களின் நிகாஹ் தஃப்தர்கள்தாம் நமக்குக் கிடைத்துள்ள உண்மையான வம்சாவளி ஏடுகள். மணமகன், அவர் தந்தை, மணமகள், அவர் தந்தை, வலீ, இரு சாட்சிகள், மஹர், நாள் ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் இருக்கும். மூன்று தலைமுறை தஃப்தர்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு மஹல்லாவின் உறவு முழுவதும் விரிந்துவிடும். பழையவற்றில் அரபுத் தமிழ் எழுத்தும் வரும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பது தனிக் கவலை. 1880ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் காஜியை நியமிக்க வழிசெய்தது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவு சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பின்னர் நாடு முழுவதும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் முறைப்பட்டது. இன்று 21 நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் செலவில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் அதிகாரியின் ஆணை வேண்டும், அலைச்சல் வேண்டும்.

தஃப்தர்களில் இரண்டு குறைகளை நாம் தொடர்ந்து காண்கிறோம். முதலாவது, பெயர். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பகுதியின் அழகிய வழக்கம். நாகூர் ஆண்டகையின் பெயராலும், முஹ்யித்தீன் ஆண்டகையின் பெயராலும் ஒவ்வொரு தெருவிலும் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரே ஆள் தஃப்தரில் முகைதீன், பள்ளிக்கூடத்தில் மைதீன், குடும்ப அட்டையில் மொய்தீன், கடவுச்சீட்டில் இன்னொன்று. உயிரோடிருக்கும்போது இதைச் சிரித்துக் கடக்கலாம். இறந்தபின் நால்வரும் ஒருவரே என்று வட்டாட்சியர் முன் நிரூபிக்க வேண்டியது அவருடைய விதவை. வீட்டுப் பட்டப்பெயரையும் தெருவையும் சேர்த்து எழுதிய பழைய எழுத்தர்கள் நம்மைவிட விவரமானவர்கள்.

இரண்டாவது, பெண்கள். மணமகளின் தாயார் பெயருக்குப் பெரும்பாலான தஃப்தர்களில் கட்டமே இல்லை. ஃபராயிளில் தாய்க்குப் பங்கு உண்டு, தாயின் தாய்க்கும் சில நேரம் பங்கு உண்டு, தாய்வழிச் சகோதர சகோதரிகளுக்கும் உண்டு. பங்கு பெறுபவரின் பெயரை எழுதாமல் பங்கை எப்படிப் பிரிப்பது?

புலம்பெயர்ந்தோர் கதையையும் இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் மக்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்றார்கள். சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. அடுத்த பிப்ரவரியில் அந்நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. போருக்குப் பின் திரும்பி வந்தவர் உண்டு, திரும்பாதவரும் உண்டு. காணாமற்போனவரை மஃப்கூத் என்று ஃபிக்ஹ் நூல்கள் அழைக்கின்றன. அவருடைய சொத்து பிரிக்கப்படாமல் நிற்கும், மனைவி இத்தாவும் இருக்க முடியாமல் மறுமணமும் செய்ய முடியாமல் காத்திருப்பார். நான்காண்டுகள் கணவரைப் பற்றிய செய்தி இல்லையென்றால் பெண் நீதிமன்றம் சென்று மணவிலக்குப் பெறலாம் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. குழிக்குள் உடல் அகப்படாத சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கும் ஏறத்தாழ இதே நிலைதான் வரும். சாட்சிகளும் வருகைப் பதிவும் இருந்தால் மட்டுமே இறப்பு உறுதியாகி, நான்கு மாதம் பத்து நாள் இத்தா கணக்கிடப்படும்.

கடைசியாகப் பணம். கசப்பான பேச்சு, ஆனால் அநாதைகளின் உரிமை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையில் இறந்தவரின் மாத ஊதியத்தில் பாதியை, அவருடைய வயதுக்குரிய ஒரு காரணி எண்ணால் பெருக்கினார்கள். 25 வயதுக்கு அந்த எண் 216.91, 40 வயதுக்கு 184.17. 2020இல் நிர்ணயிக்கப்பட்ட உச்ச ஊதியமான 15,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், 25 வயது இளைஞருக்கு 16,26,825 ரூபாய்; அதே இளைஞர் பதிவேட்டில் 40 என்று எழுதப்பட்டிருந்தால் 13,81,275 ரூபாய். பிறந்த நாளை ஒழுங்காகப் பதியாததன் விலை இரண்டரை லட்சத்துக்குச் சற்றே குறைவு. அந்தத் தொகை நேரே குடும்பத்தின் கையில் தரப்படவில்லை. இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்தப்பட்டு, அவர் வழியே சார்ந்தோருக்குப் பிரிக்கப்பட்டது. சட்டம் சொல்லும் சார்ந்தோர் பட்டியலும் ஃபராயிள் சொல்லும் வாரிசுப் பட்டியலும் ஒன்றல்ல. விதவை, சிறுவயது மகன், மணமாகாத மகள், விதவைத் தாய் ஆகியோரைச் சட்டம் முதலில் வைக்கிறது. தந்தை, அந்த மகனின் வருமானத்தை நம்பி வாழ்ந்தவர் என்றால்தான் வருவார். ஃபராயிளில் தந்தை எப்போதும் வாரிசே. இது தெரியாமல் ஒரே வீட்டுக்குள் மாமனாரும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பல ஊர்களில் கேள்விப்படுகிறோம். தந்தை தமக்குரியதை மார்க்கப்படி கேட்பதும் பிழையன்று. ஆணையர் சட்டப்படி பிரிப்பதும் பிழையன்று. இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பதை ஜமாஅத் பெரியவர்கள் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து விளக்கிவிட்டால் பாதிப் பிணக்கு தீரும்.

மகன் தந்தைக்கு முன் இறந்துவிட்டால், பாட்டனாரின் சொத்தில், வேறு ஆண்மக்கள் இருக்கும்போது, பேரப்பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. எகிப்து 1946இலும் பாகிஸ்தான் 1961இலும் இதற்கு வெவ்வேறு விதமான சட்டத்தீர்வுகளைக் கொண்டுவந்தன; அவை பற்றி ஆலிம்களிடையே விவாதம் தொடர்கிறது. நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. பாட்டனாரிடம் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யும் உரிமை இருக்கிறது. வாரிசாகாத பேரனுக்கும் பேத்திக்கும் அதைத் தாராளமாக எழுதலாம். எழுதும்போது பேரனின் பெயர், அவன் தந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த நாள், தந்தை இறந்த நாள் ஆகிய ஐந்தையும் எழுதி, இரு சாட்சிகளின் கையெழுத்தைப் பெற்று, ஒரு படியைப் பள்ளிவாசல் தஃப்தரோடு சேர்த்து வைக்கும்படி நாம் கேட்டுக்கொள்கிறோம்.